கட்டைவிரல் அளவு

ஒண்ணுமில்லை. பிரேக் பெடல் நல்லாத்தான் இருக்குது. இப்பக்கூட மிதிச்சுப் பாத்தேன், கல்லு மேல கால் வெச்ச மாதிரி நிக்குது. நிக்கிற வண்டியில எந்தப் பெடலும் அப்படித்தான் நிக்கும், அதுல என்ன பெருமை. நேத்துப் பொழுதெறங்கற நேரம், கடைசி ஓட்டத்துல, இருநூத்தி நாப்பது வேகத்துல இருந்து அமுக்கறேன், நிக்க வேண்டிய இடத்துல அது நிக்கலை. இன்னும் ஒரு கட்டைவிரல் அளவு உள்ள போச்சு. அதுக்கப்புறந்தான் பிடிச்சுது. வண்டி கோட்டுக்கு முன்னாடியே நின்னுருச்சு. தீனதயாளன் சார் ரேடியோவுல "அருமை பூங்கொடி"ன்னார், நானும் தேங்க்ஸ் சார்னு சொல்லிட்டு எறங்கி, நேரா பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டுக் கையைப் பாத்தேன். கை ஆடுது. அந்தக் கையை இன்னொரு கையால பிடிச்சேன், இப்ப ரெண்டும் சேர்ந்து ஆடுது. வெளிய வந்து கம்ப்யூட்டர்ல பாத்தா கோடெல்லாம் சமத்தா இருக்குது, சூடு எல்லைக்குள்ள, நின்ன தூரம் எல்லைக்குள்ள. பெடல் எவ்வளவு ஆழம் போச்சுன்னு அளக்கறதுக்கு அதுல ஒண்ணும் வெக்கலை. அது என்ற காலுக்கு மட்டுந்தான் தெரியும். காலு பொய் சொல்லுமா? பயந்த காலு என்ன வேணாலும் சொல்லும். அதனாலதான் நேத்து நான் யாருகிட்டயும் சொல்லலை, இன்னிக்குக் காத்தாலயும் சொல்லலை, இப்ப ஹெல்மெட்டை மாட்டி, அஞ்சு பட்டையையும் இறுக்கிக் கட்டி உக்காந்தாச்சு, இனிமே சொல்றது எப்படின்னும் தெரியலை.

டெஸ்ட் டிரைவர்னா என்ன வேலைன்னு சொந்தம் ஒறம்பரைக்குள்ள கேப்பாங்க. டிரைவர்னதும் ஒரு மாதிரி முகம் போகும், பொம்பளைப் புள்ளை டிரைவரா, எந்தக் கம்பெனியில, முதலாளிக்கா? கடைக்குப் போறதுக்கு முன்னாடி வண்டியை ஒடச்சுப் பாக்கற வேலைங்கன்னு சொல்லுவேன். சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன். வல்லூறுன்னு பேர் வெச்சிருக்காங்க இந்தக் காருக்கு, நம்ம கோயமுத்தூர்லயே வரைஞ்சு, நம்ம ஆளுங்களே கட்டின மொத ஸ்போர்ட்ஸ் கார்னு முதலாளி மேடைக்கு மேடை சொல்லிட்டிருக்கார். ஓட்டத்துக்குக் கொறையே இல்லை, கால் வெச்சா முதுகைச் சீட்டோட ஒட்ட வெச்சிரும். நிறுத்தறதுதான் பத்தலை. அதனால போன வாரம் பழைய பிரேக்கைக் கழட்டிட்டு அதைவிடப் பெருசா ஒரு பிரேக் மாட்டினாங்க. பெருசுன்னா சூடு ஜாஸ்தி, சூட்டுக்குக் காத்து வேணும். காரோட மூக்குல ரெண்டு பக்கமும் அழகுக்குன்னு ரெண்டு ஓட்டை இருந்துச்சு, உள்ள அடைச்ச வெறும் பொய் ஓட்டை. அதைப் பின்பக்கமாத் திறந்து, அங்கிருந்து சக்கரம் வரைக்கும் கை தடிமனுக்கு ஒரு குழாய் விட்டிருக்காங்க. ஓடறப்ப காத்து அது வழியாப் போய் பிரேக்கை ஆத்தும். நல்ல யோசனைதான். யோசனையெல்லாம் தீனதயாளன் சாரோடது, மெட்ராஸ்காரர், சீஃப் இன்ஜினியர், பேசறப்பகூடக் கோடு போட்டுத்தான் பேசுவார். நாளைக்கு வெளியூர்ல இருந்து காரைப் பாக்க ஆளுங்க வர்றாங்க. அதுக்கு முன்னாடி இன்னிக்கு விடாம அஞ்சு ஓட்டம் ஓடணும், அஞ்சு தடவையும் இருநூத்தி நாப்பதுல இருந்து நிறுத்தணும். அஞ்சும் சரியா வந்தா வண்டி பாஸ். வராட்டி? வராட்டின்னு யாரும் பேசலை.

"பூங்கொடி, ரெடியா?" ரெடி சார். குரல் நல்லாத்தான் வருது. இந்தக் குரல் என்னைக்கும் என்னைக் காட்டிக் குடுத்ததில்லை. என்ற மக தாரிணிக்கு ரோஸ் கலர் சார்ட் பேப்பர் வாங்கணும். காத்தால ஜடை பின்னறப்ப சொல்லுச்சு, ரோஸ்னா ரோஸ், மஞ்சள் வாங்கிட்டு வந்துராதேன்னு. ஒம்பது வயசுக்கு என்ன அதிகாரம். சாயங்காலம் போற வழியில வாங்கிக்கலாம். சாயங்காலம் போவேனா. போவாம என்ன, லூசு மாதிரி. கிளம்பு. வலது கால். முதுகு ஒட்டுது.

மொத ஓட்டம் ஒண்ணும் ஆகலை. ரெண்டாவதும் ஒண்ணும் ஆகலை. இந்த ரோட்டைப் போட்டவங்க பல்லடத்துக்கு அந்தாண்ட சுத்தியும் தென்னந்தோப்பும் கரண்டு எடுக்கற காத்தாலையுமா இருக்கற எடமாப் பாத்துப் போட்டாங்க. நேரா ஒரே நீட்டு, அந்த நீட்டு முடியற எடத்துல பிரேக் பிடிக்கணும், பிடிச்சா இடது பக்கம் திரும்பி மெதுவாச் சுத்தி வந்து மறுபடி நீட்டுக்கு ஏறலாம். பிடிக்காட்டி நேரா செவுரு. செவுத்துக்கு முன்னாடி பழைய டயரை அடுக்கி நீலமும் வெள்ளையுமா பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்காங்க, பாக்கறதுக்கு நர்சரி ஸ்கூல் மாதிரி இருக்கும். இருநூத்தி நாப்பதுல அது நீலமும் இல்லை வெள்ளையும் இல்லை, ஒரு மாதிரி சாம்பல், அது நம்மகிட்ட வராது, திடீர்னு வந்திருக்கும். அப்புறம் மயிலு. இங்க மயிலுக்குக் கணக்கே இல்லை, சோளக்காட்டுல இருந்து நடந்து வந்து ரோட்டு நடுவுல நின்னு நம்மளையே பாக்கும். அதை வெரட்டறதுக்குன்னே ஒரு ஆளு வெடியோட உக்காந்திருக்கார். எனக்கு மயிலு பயம் இருந்துச்சு ரொம்ப நாளு. இப்ப அந்தப் பயம் எங்க போச்சுன்னே தெரியலை. பெரிய பயம் வந்தா சின்னது எந்திரிச்சு எடம் விட்டுரும்போல. பெடல் நல்லாத்தான் நின்னுச்சு, ரெண்டு தடவையும். கல்லு. அப்ப நேத்து? நேத்து காலு களைச்சுப் போயிருந்திருக்கும். ஆனா வண்டி நிக்கறப்ப லேசா வலது பக்கம் இழுத்துச்சே. அது காத்து. காத்தாலையெல்லாம் சுத்துது பாரு, அந்தப் பக்கத்துக் காத்து.

ஒரு சட்டம் வெச்சிருக்காங்க. ஒரு ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் நடுவுல பெடலைத் தொடவே கூடாது. தொட்டா சூடு மாறும், கணக்கு கெட்டுப் போகும், மறுபடி மொதல்ல இருந்து. அதனால சுத்தி வர்றப்ப கியரை எறக்கி எறக்கியே வேகத்தைக் கொறைச்சுத் திரும்பி, அப்படியே நீட்டுக்கு ஏறணும். பெடல் நிக்குமா நிக்காதான்னு சும்மா ஒரு தட்டு தட்டிப் பாக்கக்கூட முடியாது. செவுத்துக்கு எதிர்ல போய் நின்னுக்கிட்டுத்தான் பாக்கணும். இந்தச் சட்டம் போட்ட அன்னிக்கு நானும் அந்த ரூம்ல உக்காந்து தலையாட்டினேன். டீ குடிச்சுக்கிட்டே ஆட்டினேன்.

மூணாவது ஓட்டம். ஏறுது. நூத்தம்பது, இருநூறு, காது அடைக்குது, நாக்கு மேல ஒட்டுது, இருநூத்தி நாப்பது, அமுக்கு. பட்டை தோளை அறுக்குது. பெடல் நிக்குது. நிக்குதா? நின்னுச்சு, ஆனா கல்லு இல்லை, ரப்பர். கல்லுக்கும் ரப்பருக்கும் என்ன வித்தியாசம், ஒரு நகம் அளவு. திரும்பிட்டேன். மூச்சு விடு. அப்பத்தான் வந்துச்சு அந்த வாசம். நேத்தும் வந்துச்சு, நேத்தும் இதே மாதிரி கடைசியில. மிளகாய். வர மிளகாயைச் சட்டியில போட்டு மறந்துட்டா வருமே, தொண்டையில நகத்தால கீறற மாதிரி, அது. கார்ல ஏது மிளகாய். பிரேக் கருகினா எனக்குத் தெரியாதா, அது வேற, கொம்பைச் சுட்ட மாதிரி நாறும். இது சமையக்கட்டு. இது அம்மா.

அம்மா திருச்செங்கோட்டுல இருக்குது. நான் ரேஸுக்குப் போன காலத்துல ஒவ்வொரு தடவையும் போறதுக்கு முன்னாடி என்னைக் கிழக்கே பாக்க உக்கார வெச்சு, வர மிளகாயும் கல்லுப்பும் எடுத்துத் தலையைச் சுத்தி அடுப்புல போடும். நெடி வந்தா நிம்மதி, கண்ணு ஒண்ணும் படலைன்னு அர்த்தம். நெடி வராம மிளகாய் கம்முனு கருகிச்சுன்னா போச்சு, யாரோட கண்ணோ பலமாப் பட்டிருக்குன்னு அன்னிக்குப் பூராவும் வெசனப்படும். ஒரு தடவைகூட நெடி வராம இருந்ததில்லை, மிளகாயைப் போட்டா நெடி வராம பின்ன சந்தனமா மணக்கும்னு நான் கிண்டல் பண்ணுவேன். அந்த நெடி இப்ப ஏன் வருது? பயந்தா மூளை பழைய வாசத்தையெல்லாம் எடுத்துக் காட்டுமாம், எங்கயோ படிச்சேன், இல்லை யாரோ சொன்னாங்க. அப்ப எனக்குப் புத்தி பேதலிக்குது. அதுதான். மொதல்ல கால், இப்ப மூக்கு. ரேடியோவுல இதைச் சொன்னா எப்படி இருக்கும், சார், மிளகாய் வாசம் வருதுங்க. அந்த ரூம்ல இருக்கற அத்தனை பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாப்பாங்க. வீட்டு ஞாபகம் வந்துருச்சுபோலன்னு ஒருத்தன் சொல்லுவான். மெதுவாத்தான் சொல்லுவான், ஆனா சொல்லுவான்.

பூஜை போட்ட அன்னிக்கும் இந்தக் கிண்டல் நடந்துச்சு. மெக்கானிக் மயில்சாமியண்ணன் எலுமிச்சம்பழத்தையும் மிளகாயையும் கோத்து வல்லூறு மூக்குல கட்டிட்டார், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கினோம், சூடம் காட்டினோம். மறுநாள் தீனதயாளன் சார் வந்து பாத்தார். "மயில்சாமி, இது இங்க தொங்கினா காத்து கலைஞ்சிடும். எல்லாக் கணக்கும் தப்பா வரும். இனிமே இந்தக் கார்ல எதுவும் கட்டக் கூடாது." அண்ணன் முகம் சுருங்கிருச்சு. "அம்மிணி உக்காந்து ஓட்டற வண்டிங்க, சும்மா ஒரு திருஷ்டிக்குங்க"ன்னார். சார் குனிஞ்சு அவரே அவுத்துக் கையில வெச்சுக்கிட்டுப் போயிட்டார். நல்ல மனுசன்தான், ஆனா பூஜைங்கறதையே ஒரு தூசு மாதிரி ஊதித் தள்ளிட்டுப் போவார். எனக்கும் அப்ப சரின்னுதான் பட்டுச்சு. மிளகாய் வந்து பிரேக் பிடிக்குமா.

நாலாவது. ஏறு. யோசிக்காத. ரோஸ் கலர். நூத்தம்பது. ரோஸ் கெடைக்கலைன்னா? ரெண்டு கடை பாக்கலாம். இருநூறு. செவுரு இன்னும் இல்லை. இருநூத்தி நாப்பது, இப்ப, அமுக்கு, அமுக்கிட்டேன், போகுது, உள்ள போகுது, கட்டைவிரல், கட்டைவிரலுக்கு மேல, அய்யோ சாமி, பிடி, பிடி, பிடிச்சுது. வலது பக்கம் இழுக்குது. ஸ்டியரிங்கைத் திருப்பிப் பிடிச்சேன். டயர் அடுக்கு அவ்வளவு கிட்டத்துல நான் பாத்ததே இல்லை, ஒரு டயர்ல பெயிண்ட் உரிஞ்சிருக்கறது தெரியுது. திரும்பிட்டேன். உசுரோட இருக்கேன். காலு தனியா துடிக்குது, என்னோடது இல்லாத மாதிரி. நெடி கண்ணுல தண்ணி வர வெக்குது. ஹெல்மெட்டுக்குள்ள இருமறேன்.

"பூங்கொடி, நின்ன தூரம் கொஞ்சம் ஜாஸ்தி. எல்லாம் சரிதானே?" சொல்லு. இப்பச் சொல்லு. "சார், பெடல் கொஞ்சம் எறங்கற மாதிரி இருக்குங்க." கொஞ்சமாம். மாதிரியாம். வாய்க்கு வெக்கமே இல்லை. ரேடியோவுல பேப்பர் சலசலக்குது. "வலது பிரேக் சூடு எல்லைக்குள்ளதான் இருக்கு. பாத்துட்டேன்." சூடு பாக்கற கருவி வலது சக்கரத்துல மட்டுந்தான் வெச்சிருக்கு, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பிரேக்குதானே, ஒண்ணைப் பாத்தா ரெண்டையும் பாத்த மாதிரின்னு. "இன்னும் ஒரே ஓட்டம். முடியுமா? இல்லை, நிகிலை உக்காரச் சொல்லட்டுமா? தப்பா எடுத்துக்காதீங்க." தப்பா எடுத்துக்கல சார். நிகில் அங்க தடுப்புக்கட்டை மேல ஹெல்மெட்டை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கான், எனக்கு அடுத்த டிரைவர், இருபத்தாறு வயசு, பயம்னா என்ன விலைன்னு கேப்பான். நான் எறங்கினா அவன் ஏறுவான். சிரிச்சுக்கிட்டே ஏறுவான். அக்காவுக்கு வயசாயிருச்சுன்னு நெனைச்சுக்கிட்டே அந்த நீட்டுல போய், கடைசியில காலை வெப்பான். என்ற காலு பொய் சொல்லியிருந்தா அவன் நின்னுருவான், நான் அத்தோட வீட்டுல உக்காந்து தோசை சுட வேண்டியதுதான், பொம்பளைக்குக் குடுத்தா இப்படித்தான்னு ஒரு தலைமுறைக்குப் பேசுவாங்க. என்ற காலு நெஜம் சொல்லியிருந்தா. அவங்கம்மா பொள்ளாச்சியில இருந்து போன மாசம் அதிரசம் செஞ்சு குடுத்து விட்டாங்க, எல்லாருக்கும். நான் நாலு தின்னேன்.

"வேண்டாம் சார், நானே ஓட்டறேன்."

அப்பன் போர்வெல் லாரி ஓட்டுச்சு. ஸ்கூல் லீவுல ஒரு தடவை என்னையும் கூட்டிட்டுக் கர்நாடகாவுக்குள்ள போயிட்டுத் திம்பம் மலையில எறங்கி வந்தோம். பாதி வளைவுல லாரியில பிரேக் இல்லை. கொம்பு சுட்ட நாத்தம். அப்பன் கியரை எறக்கி எறக்கி, மலைப் பக்கத்து மண்ணுல லாரியை ஒரசி, தேச்சு, ஒரு வழியா நிறுத்திருச்சு. கிளீனர் குதிச்சுப் போய்க் கல்லு வெச்சான். பயந்துட்டியாப்பான்னு கேட்டேன். சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்லை கண்ணு, வா டீ குடிக்கலாம்னுச்சு. ஆனா எறங்கறப்ப அதோட காலைப் பாத்தேன், வேட்டிக்குள்ள படபடன்னு ஆடுது. டீக்கடையிலயும் ஆடிட்டே இருந்துச்சு, அது அந்தக் காலைத் தூக்கி இன்னொரு கால் மேல போட்டு மறைச்சுது. நான் பாக்காத மாதிரி பன்னைத் தின்னேன். எங்க வீட்டுல யாருக்கும் பயமே வராது. எங்களுக்கு டீதான் வரும்.

அஞ்சாவது. நீட்டு வந்துருச்சு. தொடக் கூடாது. ஒரே ஒரு தட்டு தட்டிப் பாத்தா என்ன, தட்டினா தெரிஞ்சுரும் எனக்கு, அவங்களுக்கும் தெரிஞ்சுரும், திரையில ஒரு கோடு எந்திரிக்கும், ஏன் தொட்டீங்கன்னு கேப்பாங்க. ஏறு. நூறு. நெடி போகவே இல்லை, சுத்தி வந்த அத்தனை நேரமும் போகலை, ஜாஸ்தியாத்தான் ஆகுது. மூளை காட்டற வாசம்னா இப்படிக் கண்ணெரியுமா? நூத்தம்பது. மூளைக்குள்ள இருக்கற மிளகாய்க்கு இருமல் வருமா? தாரிணி, ரோஸ். இருநூறு. வெடிக்காரர் வெடியோட எந்திரிச்சு நிக்கறார், மயிலு ஒண்ணும் இல்லை. காலு சொல்லுது, மூக்கு சொல்லுது, கம்ப்யூட்டர் ஒண்ணு மட்டும் இல்லைங்குது. அது ஹெல்மெட் போடலையே, அதுக்கென்ன. இருநூத்திப் பத்து. பயமா இருக்கு. எனக்குப் பயமா இருக்கு. இது வரைக்கும் இதை நான் மனசுக்குள்ளகூட இப்படி நேராச் சொன்னதில்லை, பயமா இருக்கு, பயமா இருக்கு, இன்னும் கொஞ்சத்துல அந்த எடம் வந்துரும். எடுத்துட்டேன். வலது காலை எடுத்துட்டேன். ஓட்டத்தை விட்டுட்டேன்.

வண்டி அடங்குது. என்ஜின் முனகி முனகிக் கொறையுது. கியரை எறக்கு, இன்னும் எறக்கு. "என்ன ஆச்சு? ஏன் விட்டுட்டீங்க?" இந்தத் தடவை குரல் என்னைக் காட்டிக் குடுத்துருச்சு. "சார், எனக்குப் பயமா இருக்குங்க. பெடல் எறங்குது. நேத்தே எறங்குச்சு. மிளகாய் கருகற நெடி வருதுங்க சார், நேத்துல இருந்து வருது. நான் போகலைங்க. நிகிலையும் அனுப்பாதீங்க." சொல்லிட்டேன். எல்லாத்தையும் கொட்டியாச்சு. அந்த ரூம்ல ஒலிபெருக்கியில எல்லாரும் கேட்டிருப்பாங்க. போச்சு. பன்னெண்டு வருசம் போச்சு. முகமெல்லாம் சுடுது, வெக்கத்துல சுடுதா நெடியில சுடுதான்னு தெரியலை. சரி, போகட்டும், சாயங்காலம் சார்ட் பேப்பர் வாங்கலாம். உள்ள போய் வண்டியைக் குடுத்துட்டுப் போயிரலாம். எம்பது வேகம். உள்ள திரும்பற வளைவு வந்துருச்சு, இனி சட்டம் இல்லை, சும்மா மெதுவா ஒரு தடவை பெடலை மிதிச்சேன்.

பெடல் இல்லை. மிதிச்ச காலு தரை வரைக்கும் போயிருச்சு. படியில்லாத எடத்துல படின்னு கால் வெச்ச மாதிரி இருந்துச்சு. மறுபடி மிதிச்சேன், பின்சக்கரம் மட்டும் லேசா முனகுச்சு. அவ்வளவுதான். கியரை எறக்கு, எறக்கு, மண்ணு எங்க, வளைவுக்கு வெளிய மணல் கொட்டி வெச்சிருக்கே, அதுல விடு. விட்டேன். மணல் கண்ணாடி மேல வந்து விழுது, அடியில கரகரன்னு சத்தம், அப்பன் மலையில ஒரசின அதே சத்தம். நின்னுருச்சு. எம்பதுலயே இவ்வளவு தூரம் போயிருக்கு. இருநூத்தி நாப்பதுல, அந்த நீல டயர்கிட்ட, இதே மிதி. அதை யோசிக்க வேண்டாம்னு நெனைக்கறேன், யோசிச்சுக்கிட்டேதான் இருக்கேன்.

ஓடி வர்றாங்க. மயில்சாமியண்ணன்தான் மொதல்ல வந்து பட்டையெல்லாம் அவுத்து என்னை வெளிய எடுத்தார். "ஒண்ணும் ஆகலைங்களே அம்மிணி? உக்காருங்க, இப்படி உக்காருங்க." மணல்லயே உக்காந்தேன். இடது முன்சக்கரத்துல இருந்து புகை வருது. கிட்ட வந்த அத்தனை பேரும் ஒரே நேரத்துல இருமறாங்க, ஒருத்தன் கர்ச்சீப்பை எடுத்து மூக்கைப் பொத்தறான். அவங்களுக்கும் வருது. அய்யோ, அவங்களுக்கும் வருது. எனக்கு அழுகையே வந்துருச்சு, நான் பைத்தியம் இல்லை. அண்ணன் கையுறையை மாட்டிக்கிட்டுப் படுத்து, காத்து வர்ற குழாயைச் சக்கரத்துகிட்ட இருந்து உருவினார். வாய் பூரா அடைச்சுக்கிட்டு என்னமோ கெடக்குது. இழுத்தார். கரியாப் போன ஒரு எலுமிச்சம்பழம், அதுல கோத்த கம்பியோட. அதுக்கு மேலயும் கீழயும் கருகின மிளகாய். காத்து போகாம இடது பக்கம் மட்டும் கொதிச்சுப் பிரேக் ஆயில் ஆவியாகியிருக்கு, அதான் பெடல் எறங்கியிருக்கு.

ஒவ்வொருத்தரா மயில்சாமியண்ணனைப் பாக்க ஆரம்பிச்சாங்க. அவருக்குக் கண்ணு கலங்கிருச்சு. "நான் வெக்கலைங்க. எம்புள்ளைங்க மேல சத்தியமா வெக்கலை. சார் அவுத்ததுக்கப்புறம் நான் வண்டியில ஒரு கயிறுகூடக் கட்டலைங்க." தீனதயாளன் சார் இப்பத்தான் மணல்ல கால் பொதையப் பொதைய வந்து சேர்ந்தார். அந்தக் கரிக்கட்டையைப் பாத்தார். கையை நீட்டி வாங்கிக்கிட்டார், சுடும்னு அண்ணன் சொல்லச் சொல்ல வெறுங்கையில வாங்கிக்கிட்டார்.

"நான்தான் வெச்சேன்"ன்னார்.

யாருக்கும் புரியலை. என்னைப் பாத்துச் சொன்னார். "அன்னிக்கு அவுத்துக் குப்பையில போடத்தான் கொண்டு போனேன். போட முடியல. சாயங்காலம் எல்லாரும் போனதுக்கு அப்புறம் வந்து, இடது பக்கத்து ஓட்டையில உள்ள தள்ளி வெச்சேன். அப்ப அது அடைச்ச ஓட்டை, வெளிய தெரியாது, காத்தும் கலையாது. அப்புறம் குழாய் விடச் சொல்லி வரைஞ்சது நானேதான். காத்து அதைக் குழாயோட சக்கரம் வரைக்கும் தள்ளிட்டு வந்திருக்கு. மறந்துட்டேன் பூங்கொடி. சுத்தமா மறந்துட்டேன்." நான் அவரையே பாத்தேன். ஏன் சார் வெச்சீங்கன்னு கேட்டேன். கோபமாக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன், அப்படி வரலை. "நீங்க ஒவ்வொரு தடவை அந்தச் செவுத்தைப் பாத்துப் போறப்பவும் எனக்குப் பயம். அந்தத் திரையைப் பாத்துட்டு இருக்கறவனுக்குப் பயம்னு யார்கிட்டச் சொல்றது. நீங்க பயமே இல்லாம போறீங்க."

பயமே இல்லாம. எனக்குச் சிரிப்பா வந்துச்சு, சிரிச்சா இருமல் வருது, இருமினா கண்ணுல கொட்டுது. நெடின்னா அப்படி ஒரு நெடி, அம்மா இங்க இருந்திருந்தா நிம்மதியா ஒரு மூச்சு விட்டிருக்கும், ஒரு கண்ணும் படலைன்னு. அவர் பயத்தை அவர் ஓட்டைக்குள்ள தள்ளி வெச்சிருக்கார், நான் நேத்துப் பாத்ரூம்ல கதவைச் சாத்தி வெச்சேன். நேத்தே ரெண்டு பேர்ல ஒருத்தர் வாயைத் திறந்திருக்கலாம். "பெடல் எறங்குதுன்னு சொன்னீங்க, நான் கேட்கலை"ன்னார். கொஞ்சம்னுதான் சார் சொன்னேன், மாதிரின்னுதான் சொன்னேன், நீங்க எப்படிக் கேப்பீங்க.

நிகில் தள்ளி நின்னுட்டிருந்தவன் மெதுவாப் பக்கத்துல வந்து உக்காந்தான். ஹெல்மெட்டை இன்னும் கையிலயே வெச்சிருக்கான். "எனக்கு அந்த வாசமே வரலைக்கா"ன்னான். "ரெண்டு நாளா ஜலதோஷம்." யாரோ எனக்கு டீ கொண்டு வந்து குடுத்தாங்க. டம்ளரை வாங்கினேன், டீ தளும்பி விரல்ல, மடியில, மணல்ல எல்லாம் சிந்துது, கை அந்த ஆட்டம் ஆடுது. இன்னொரு கையால பிடிச்சேன், அதுவும் சேர்ந்து ஆடுது. சார் பாக்கறார், மயில்சாமியண்ணன் பாக்கறார், நிகில் பாக்கறான். பாக்கட்டும். இன்னிக்கு நான் எந்திரிச்சுப் பாத்ரூமுக்குப் போகலை.